கஞ்சா எண்ணெயும் கோல்டன் கேட் பாலமும்

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி. நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீட்டு வாசலில் டாக்சி வந்து நின்றது. என்னிடம் இரண்டு பைகள். ஒன்றில் துணிமணி, மற்றதில் ஐந்து பவுண்டு எடையுள்ள ஆக்சிஜன் மெஷின். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. சென்னையில் இருந்தபோது இருபது வருடம் சிகரெட் பிடித்ததன் பலன், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சை உள்ளே இழுத்துவிடுவேன். வெளியே விடுவதுதான் பெரும்பாடு.

நான் விமானம் ஏறி மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் யாழினி கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் இரண்டு வருடமாக இருக்கிறாள். அவள் வீட்டை வீடியோவில்தான் பார்த்திருந்தேன். நுரையீரலைவிடப் பயம்தான் என்னை வீட்டில் கட்டிப்போட்டது. மூச்சு வாங்கும், வாங்கியதும் இதோடு முடிந்தது என்று தோன்றும், தோன்றியதும் இன்னும் வாங்கும்.

எட்டு மாதம் முன்பு என் நுரையீரல் டாக்டரிடம் மெடிக்கல் கஞ்சா பற்றிக் கேட்டேன். நுரையீரலை அது சரி செய்யும் என்பதற்கு ஆதாரம் போதாது என்றார். புகைக்கவும் கூடாது, ஆவியாக இழுக்கவும் கூடாது, இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் நாக்கின் அடியில் விடும் எண்ணெயை மிகக் குறைந்த அளவில் வேண்டுமானால் முயலலாம் என்றார். அதை வாங்குவதற்கான மருத்துவ அனுமதி அட்டையை எடுத்தேன்.

"கஞ்சாங்க அது! கரூர்ல எங்கண்ணன் காதுல விழுந்தா அவ்வளவுதான்," என்றாள் மனைவி கலா.

மருந்தின் அளவையும் விளைவையும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இரண்டரை மில்லிகிராம் எடுத்த இரவுகளில் தூக்கம் வந்தது. பேராசையில் ஒரு ஞாயிறன்று பத்து எடுத்தேன். இதயம் தடதடவென்று அடித்தது. ஃப்ரிட்ஜின் உறுமலை என் மூச்சு என்று நினைத்துக்கொண்டு, அது நின்றபோதெல்லாம் செத்துவிட்டேன் என்று அலறினேன். மூன்று மணி நேரம் கலா என் கையை விடவில்லை. மறுநாள் முதல் மருந்தை அளந்து கொடுப்பது அவள் பொறுப்பாயிற்று.

நியூவர்க் விமான நிலையம் முப்பத்துச் சொச்சம் மைல். டாக்சி ஓட்டியவர் திருநெல்வேலிக்காரர்.

"அங்கிள், இந்த மெஷினை ஃப்ளைட்ல விடுவாங்களா?"

"இதை விடுவாங்க தம்பி. மருந்தைத்தான் விட மாட்டாங்க. நியூ ஜெர்சில லீகல், கலிஃபோர்னியால லீகல், நடுவுல வானத்துல இல்லீகல்."

"என்ன மருந்து அங்கிள்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலா என் தொடையில் கிள்ளினாள். நான் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடி வழியே என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு, "எங்கப்பாவுக்கும் இளைப்புதான் அங்கிள். தூக்கமே கிடையாது," என்றார்.

ஆறு மணி நேரப் பறத்தல். மெஷின் டிக் டிக்கென்று மூச்சு தந்துகொண்டிருந்தது. மதியம் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கி, ஃப்ரீவேயில் முப்பது மைல் தெற்கே வந்து, மகள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன். வந்த காரணத்தை அப்போதே சொல்லிவிட்டேன்: கோல்டன் கேட் பாலத்தை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்து கடக்க வேண்டும். ஒன்று புள்ளி ஏழு மைல்.

மருந்தை வீட்டிலேயே விட்டுவந்ததால், மாலை சான் ஹோசேயில் கஞ்சா விற்கும் ஒரு கடைக்குப் போனோம். அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். சின்ன பாட்டில் நாற்பத்தெட்டு டாலர், வரி தனி. யாழினி ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியர். என் நோட்டைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா, திஸ் இஸ் நாட் அன் எக்ஸ்பெரிமென்ட். யூ நீட் எ கண்ட்ரோல்."

"தமிழ்ல சொல்லும்மா."

"மருந்தில்லாததையும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும். எதை எடுக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது."

ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் தயாராயின. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் புதினா வாசனை. ஏ, பி என்று எழுதி ஒட்டினாள். எது எதுவென்று அவளுக்கு மட்டுமே தெரியும்.

புதன்: காலை ஏ. பக்கத்துப் பூங்காவின் ஏரியைச் சுற்றுவதற்குள் ஐந்து இடத்தில் நின்றேன். இரவும் ஏ, ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினேன். வியாழன்: காலை பி. அதே ஏரி, இரண்டே இடம். இரவும் பி; நான்கு முறை விழித்தேன். அதற்குக் காரணம் மில்பிடாஸ் பிரியாணி என்று முடிவு கட்டினேன். பி தான் மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெள்ளி, காலை பத்து மணி. பாலத்தின் தெற்குக் கரை. நாக்கின் அடியில் பி. முதுகில் ஆக்சிஜன் மெஷின், விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. முதல் கோபுரம் வரை அடிகளை எண்ணி எண்ணி நடந்தேன்; கலாவும் யாழினியும் கூடவே வந்தார்கள். இருபக்கமும் கடல், பக்கத்தில் லாரிகளின் அதிர்வு. நடுப்பாலத்தில் மார்பு இறுகியது. விரல் கருவியில் எண்பத்தெட்டு; தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஷுட் வி கோ பேக், அப்பா?"

"முன்னாடி போனாலும் பின்னாடி போனாலும் ஒரே தூரம்தான்மா."

உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவதுபோல் மூச்சை மெல்ல வெளியே விட்டேன். பயத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மூச்சு மட்டும்தான் வாங்கியது. எண்பத்தெட்டு தொண்ணூறானது, தொண்ணூற்றிரண்டானது. மறுபடி நடந்தேன்.

ஒரு மணி இருபது நிமிடம், ஆறு நிறுத்தம். வடக்குக் கரையில் கால் வைத்ததும் கலா என் தோளில் முகம் புதைத்து அழுதுவிட்டாள். நான் மருந்துக்கு நன்றி சொன்னேன்.

யாழினி என்னையே பார்த்தாள். "அப்பா, பி இஸ் கோகோனட் ஆயில்."

"என்னது?"

"பி-ல மருந்தே இல்லப்பா. ஏ-லதான் இருந்துச்சு."

ஒரு நிமிடம் கோபம்கூட வந்தது. பிறகு கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ தேங்காயெண்ணெயிலயா இவ்ளோ தூரம் நடந்தீங்க?" என்று கேட்க, மூவரும் சிரித்தோம். சிரித்ததில் எனக்கு ஏழாவது நிறுத்தம் தேவைப்பட்டது.

அன்று மாலை நோட்டைத் திறந்தேன். எண்கள் முதலிலேயே சொல்லியிருந்தன, நான்தான் கேட்கவில்லை. மருந்து எனக்குத் தூக்கம் தருகிறது. பகலில் கால்களைக் கட்டிப்போடுகிறது. எட்டு மாதமாக இரவில் நன்றாகத் தூங்கிய உடம்பு, பயப்படாமல் மூச்சு வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு ஆள் மேல் செய்த சோதனை இது. இன்னொருவருக்கு இதை விதியாகச் சொல்ல மாட்டேன். எனக்கு, இரவுக்கு எண்ணெய், பகலுக்கு நான்.

ஞாயிறு, காலை ஒன்பது மணி. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையம். மிச்ச மருந்தை மகள் வீட்டிலேயே விட்டாயிற்று. மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் தெரு ஒரே சமதரை. அங்கே அரை மைல் நடக்கவே மூன்று வருடம் காரணம் தேடித் தேடித் தள்ளிப்போட்டவன் நான். விமான நிலைய நுழைவாயிலில் ஒருவர் சக்கர நாற்காலியோடு நின்று என் பெயரைக் கூப்பிட்டார். எனக்காக நாற்காலியை முன்பதிவு செய்ததை ரத்து செய்ய மறந்திருந்தோம்.

"யார் சார் பேஷண்ட்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கலா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பாலம் அவளையும் ஒரு கை பார்த்திருந்தது.

"உக்காரு," என்றேன்.

"ஐயோ, யாராவது பாத்தா என்னங்க நெனைப்பாங்க?"

உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் கைப்பையை வைத்தேன். மெஷினை என் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்த மனிதர் நாற்காலியைத் தள்ள, அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து, விமானத்தின் கதவு வரை பக்கத்திலேயே நடந்தேன்.