பாதியில் வைத்த சுருட்டு

சுருட்டுப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அந்தக் கம்பெனியில் இன்னொரு இடம் காலி இருக்கிறதா என்பார்கள். உங்களில் டீ சுவைத்து மார்க் போடுகிறவர்கள், நாள் முழுக்க மசாலாப் பொடி மோந்து தலைவலியோடு வீடு திரும்புகிறவர்கள் இருந்தால் உங்களுக்குத்தான் என் பாடு புரியும். வெங்காயம் கூடாது, காபி கூடாது, குளிக்கிற சோப்புகூட மணக்கக் கூடாது. புகையை நெஞ்சுக்குள் விடாமல் வாயிலேயே சுழற்றி, வெளியே விட்டு, உடனே எழுத வேண்டும். சுகமெல்லாம் வாங்கிப் பிடிக்கிறவர்களுக்கு.

மூச்சு முட்டாதா?

சுவை பார்க்க வேறு வாசனை இல்லாத இடம் வேண்டும் என்று கம்பெனி ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு வீட்டை எடுத்திருந்தது. மாதத்தில் பத்து நாள் அங்கே இருக்க வேண்டும். வீட்டைக் கட்டியவர் ஓய்வுபெற்ற சர்வேயர், இறந்து நாலு வருஷம். அவர் மனைவி கீழே கலசப்பாக்கத்தில் இருக்கிறார். காவலுக்குப் பொன்னன் என்று மலைக்காரர் ஒருவர். இவ்வளவுதான் முதல் நாள் எனக்குத் தெரியும்.

மேலே ஏற்றிவந்த ஜீப் டிரைவர் சேகர், நான் சுவை பார்க்கக் கொண்டுவந்த சுருட்டுப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். விலை உயர்ந்த ரகம் அது. உருட்டிய சுருட்டைப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்கி, மேலே பாரம் வைத்து அழுத்துவார்கள். உருண்டை போய் நாலு பக்கமும் தட்டையாகிவிடும். சேகர் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திரும்ப வைத்தார்.

"ஏங்க, பொட்டில போட்டு இப்டி நசுக்குனா அதுக்கு மூச்சு முட்டாதா?"

அணைந்திருக்க வேண்டும்

சுருட்டுக்கு ஒரு குணம் உண்டு. யாரும் இழுக்காமல் கீழே வைத்தால் சில நிமிஷத்தில் அணைந்துவிடும். முதல் வாரம் ஒரு காலை, மூன்றில் ஒரு பங்கு முடித்திருந்தேன். நல்ல இலை. காய்ந்த அத்திப்பழ வாசனை, அடியில் லேசாக மிளகு. அலுவலகத்திலிருந்து போன் வந்து, பேச ஆரம்பிப்பதற்குள் அறுந்தது. ஜன்னலோர நாற்காலி பக்கத்து ஸ்டூலில் சுருட்டை வைத்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்தேன். பேசித் திரும்ப முக்கால் மணி நேரம் ஆனது.

சுருட்டு கடைசி விரல்கடை வரை எரிந்திருந்தது. நெருப்பு இன்னும் கனன்றது. சாம்பல் உடையாமல் நீளமாக நின்றது. அதில் வரிவரியாக வளையங்கள். நிதானமாக இடைவெளி விட்டு இழுத்தால்தான் அப்படி வரும். பத்தொன்பது வருஷத் தொழிலில் எனக்கே அவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. பொன்னன் புகையே தொடாதவர், வெளியே புளி உடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

"வச்சிட்டுப் போனீங்க, எடுத்துக்கினாங்க. அதுக்கு இன்னா இப்போ?"

கண்ணைக் கட்டிக்கொண்டு

மதிப்பீட்டுத் தாளில் இதை என்னவென்று எழுதுவது? தானாக எரிகிறது என்றால், இலை வறண்டுவிட்டது என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவார்கள். நடந்ததை எழுதினால் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். 'எரியும் விதம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். உடனே, சரிபார்க்க வேலூரிலிருந்து ரேவதியை அனுப்பினார்கள். என்னைவிட நுணுக்கமான மூக்கு அவருக்கு.

இலையின் நிறம் பார்த்து மார்க் போடக் கூடாது என்பதற்காகக் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவைப்பது அவர் வழக்கம். காலை பத்து மணி, வெளியே மூடுபனி. பொன்னன் சாமை அறுக்கப் போயிருந்தார். ரேவதி சுவரோரம் உட்கார்ந்து ஆரம்பித்தார். நான் எதிரே தாளோடு உட்கார்ந்திருந்தேன். என் சுருட்டை இன்னும் பற்றவைக்கவில்லை. ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. ரேவதி கட்டிய கண்ணோடு அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, முகத்துக்கு முன்னால் கையை வீசினார்.

"சார், உங்க ரெண்டு பேர்ல ஜன்னல்கிட்ட இருக்கறவரைக் கொஞ்சம் மெதுவா இழுக்கச் சொல்லுங்க. எனக்கு மணம் கலந்துபோவுது."

முன்னால் இருந்தவர்

ரேவதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரை ஜீப் ஏற்றிவிட்டு, அதே மேட்டில் நின்று, எனக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை பார்த்தவருக்குப் போன் போட்டேன். வாய்ப்புண் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகியவர். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மழை, குளிர் என்று சுற்றினேன். அவர் இடைமறித்து, தணிந்த குரலில் கேட்டார்.

"இப்ப அந்த நாற்காலில நீங்க உக்கார்றீங்களா, அவருக்கு வுட்டுட்டீங்களா?"

கலசப்பாக்கத்து அம்மா

வேறு வீடு பாருங்கள் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டு, சாவியைக் கொடுக்க நானே இறங்கினேன். சர்வேயரின் மனைவி சரோஜா அம்மா வாசலில் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டார். பொய் சொல்லத்தான் போயிருந்தேன்; அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் கால் நின்றது. "நெஞ்சு கெட்டுப்போச்சின்னு டாக்டர் நிறுத்தச் சொன்னாரு. வூட்ல இருந்த சுருட்டையெல்லாம் நான்தான் கெணத்துல போட்டேன். கடைசி நாள் காலைல அந்த ஜன்னலாண்ட உக்காந்துகினு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. நான் குடுக்கல."

நெல்லைப் பார்த்தபடியே கேட்டார்: "முழுசா குடிச்சாரா?"

"கடைசி விரல்கடை வரைக்கும்மா."

"நல்ல சரக்கா?"

"நான் மார்க் போட்டதிலேயே அதுதாம்மா முதல்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாவியை என் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை மடக்கினார்.

"நீங்களே வச்சிக்கோங்க. வேற ஆளு வந்தா அவருக்கு யாரு குடுப்பா?"

வேறு வீடு வேண்டாம் என்று கம்பெனிக்கு மறுபடி எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு ரகத்திலும் மாதிரிக்கு இரண்டு சுருட்டு கேட்டு வாங்குகிறேன். ஒருவர் சம்பளத்தில் இரண்டு பேர் ஒழுங்காக வேலை பார்ப்பது கம்பெனிக்கும் லாபம்தானே.