கடைசித் துளைக் கல்

தங்கம் கிடைத்துவிடக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட பெண் தாராவியிலேயே கோகிலவாணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். காரணம் இருந்தது. அவள் புருஷன் சுரேந்திரன் ராய்ச்சூர் பக்கத்துப் பொட்டல்காட்டில், தங்கம் தேடித் துளை போடும் முகாமில் வேலை பார்த்தான். கடைசித் துளையிலும் ஒன்றும் இல்லையென்றால் முகாமைச் சுருட்டிவிடுவார்கள், அவன் வீடு வந்துசேர்வான். தங்கம் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் அங்கேதான்.

துளையிலிருந்து உருளை உருளையாக எடுக்கும் பாறை, தாராவிக்குப் பக்கத்துச் செம்பூர் ஆய்வகத்துக்கு வரும். அதை வில்லையாக அறுத்து, கண்ணாடிபோலத் தேய்த்துக் கொடுப்பது கோகிலவாணியின் வேலை. பால்வெள்ளைக் குவார்ட்ஸ் என்றால் அவளுக்குக் குஷி. பூமியின் பிளவில் ஏறிய சுடுநீரிலிருந்து ஒரே தடவையில் படிந்து இறுகிய கல் அது, பெரும்பாலும் வெறுங்கல். இறுகிய பிறகும் திரும்பத் திரும்ப விரிசல்விட்டுச் சாம்பல் பூத்த கல்லைக் கண்டால்தான் சாமியைக் கூப்பிடுவாள். தங்கம் அந்த விரிசல்களில்தான் வந்து ஒதுங்கும்.

கடைசித் துளைக் கல் சாம்பல் நிறமாக வந்தது.

தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தாள். வெளிறிய மஞ்சளில், தங்கம்போல ஏமாற்றும் பைரைட். அது கிடக்கட்டும். அதன் ஓரத்து விரிசலில் ஒரு பொட்டு, கல்யாணப் பட்டின் சரிகை மாதிரி அடர்மஞ்சளாக மின்னியது. பாழாய்ப்போன தங்கம். இந்தக் கல்லின் மறுபாதி மாவாக அரைபட்டு, தங்கம் எவ்வளவு என்று அளக்க வேறோர் ஆய்வகத்துக்குப் போயாயிற்று, விஷயம் எப்படியும் வெளியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வில்லையைச் சக்கரத்தில் இன்னொரு சுற்று அழுத்தினாள். பொட்டு போயிற்று. அதற்கடியில் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது.

வில்லையை, அறிக்கை எழுதும் சாதனா மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று சுரேந்திரனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, கல்லுல தங்கம் இருக்கு.”

“தெரியும்ளா. எடுத்த அன்னைக்கே நக்கிப் பாத்துட்டேம்.”

துளைக்காரர்கள் அப்படித்தான். ஈரம் பட்டால்தான் கல் தன் நிறத்தைக் காட்டும்.

“பெறவு ஏன் சொல்லல?”



“நான் வந்துருவேம்னு நீ நெனச்சுக்கிட்டு இருந்த. அந்த நெனப்பு கொஞ்ச நாள் இருந்துட்டுப் போவட்டும்னு விட்டேம்.”

அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பக்கத்தில் வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். உள்ளே போய், அவன் நக்கிப் பார்த்த கல்லில் அறுத்தது போக மிஞ்சிய துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் கல்லின் ருசிதான் இருந்தது.