மகனின் கட்டுரையை மிராசுதாரிடம் காட்டினேன்

இதை எழுதப் பல வருடங்களாக மனம் வரவில்லை. எங்கள் ஊரில் அறுவடைக் கூலித் தகராறு நடந்த சமயம். தஞ்சாவூர்க் கல்லூரியில் மனோதத்துவம் படித்த என் மகன், கூட்டத்துக்கு ஏன் கோபம் வருகிறது என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதியிருந்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்பாள் பாதத்தில் வைத்து எடுத்து, அவனைக் கேட்காமலே, நான் குத்தகைக்கு உழுத நிலத்தின் மிராசுதாரிடம் பெருமையாக நீட்டினேன்.

படித்ததும் அவர் முகம் மாறியது. “ஏன்யா, ஆளுங்களைத் தூண்டிவிடத்தான் உன் புள்ளை காலேஜ் போறானா?”

“அய்யா, அது பாடமுங்க.”

“எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா? நிலத்தை விட்டுடு.”

எழுதியிருப்பது என்னவென்றே தெரியாத நான் எதைச் சொல்லி மறுப்பேன்? கைகூப்பி நின்றேன். நிலம் போயிற்று. மகன் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போது பேத்தி எழுதுவதை, அவளைக் கேட்காமல் யாரிடமும் காட்டுவதில்லை. இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பெற்றோருக்குச் சொல்லுங்கள்.