இறங்கி வரும் சுவர்கள்

கீல் ஒன்று நாற்பத்திரண்டு கிராம். மிசாவோ அதைச் சமையல் தராசிலிருந்து எடுத்து, நான்கு இடங்களில் துளையிட்டு, தூளை ஊதிவிட்டு, மறுபடியும் வைக்கிறார். முப்பத்தாறு. "ஆறு கிராம் ஒழிஞ்சுது, சனியன்" என்று அடுத்த கீலுக்குக் கை நீட்டுகிறார். ஒரு மடக்கு வீட்டுப் பெட்டிக்குப் பதினாறு கீல். அத்தனையும் முடியும்வரை யார் வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். தராசு அவர் வீட்டுக்காரர் யோஹெய்யுடையது. ரொட்டி மாவு அளக்க வாங்கியது, இங்கே வந்து இரண்டு வருடமாகிறது. அவர் இப்போது கண்ணளவில்தான் பிசைகிறார்.

வடக்கே, குளிர் மிகுந்த தொகாச்சிச் சமவெளியில், மெமுரோ என்ற ஊருக்கு வெளியே, உருளைக்கிழங்கு சேமித்துவைத்த ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. சிறிய லாரிகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற மடக்கு வீடுகளை மிசாவோ அங்கே செய்கிறார். வண்டி ஓடும்போது வீடு ஓட்டுநர் தலைக்குமேல் எழும்பாமல் தட்டையாகக் கிடக்கும். நிறுத்திய இடத்தில் கூரையை உயர்த்திச் சுவர்களை நிறுத்தினால் இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம். "ஓடுறப்போ இந்த ஊர்க் காத்துக்குப் பயந்து குனிஞ்சுக்கணும். நின்னா நிமிர்ந்துக்கணும். அவ்வளவுதான் வித்தை" என்பார்.

சுவர்கள் துணி அல்ல. மெல்லிய அலுமினியத் தகடு இரண்டுக்கு நடுவில் நுரைப்பலகை வைத்து ஒட்டியவை. துணி போதாதா என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "தாராளமா வாங்கிக்கோங்க. இங்க கரடிங்களுக்கு ஜிப் திறக்கத் தெரியும்."

குஷிரோ துறைமுகத்தில் மீன் லாரிகளுக்குக் குளிர்பெட்டி ஒட்டும் வேலையை இருபது வருடம் பார்த்தவர். பசை காய்ந்துவிட்டதா என்று இன்றும் மூக்கை வைத்துத்தான் சொல்வார். அறுபத்தொரு வயதில் அந்த மூக்கின்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டைச் சுமக்கும் சிறிய லாரி முந்நூற்றைம்பது கிலோதான் சுமக்கலாம் என்பது சட்டம். அதனால் வாடிக்கையாளர் உட்காருமுன்பே விசாரணை தொடங்கிவிடும். "அரிசி எத்தனை கிலோ எடுத்துட்டுப் போவீங்க? போர்வை கம்பளியா, பஞ்சா?" ஒருவர் கித்தார் என்றதும், "பாடிக்கிட்டே போங்களேன், பாட்டுக்கு எடை இல்ல" என்று அனுப்பிவைத்தார்.

சென்ற இலையுதிர் காலத்தில் தெருயி கோய்ச்சியும் அவர் மனைவி கினுகோவும் வந்தார்கள். முப்பத்தொன்பது வருடம் மாடு வைத்திருந்தவர்கள். திருமணமான மறுநாளே விடிகாலையில் எழுந்து பால் கறந்தவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியில் தங்கியதில்லை. கினுகோவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்ததும் மாடுகளை விற்றுவிட்டார்கள்.

"இவ கடல் பக்கத்துல படுத்துத் தூங்கணுமாம். நான் தூக்கி நிறுத்திடுவேன், நீங்க பண்ணிக் குடுங்கம்மா" என்றார் தெருயி.

"அவர் வேண்டாம். நான்தான் நிறுத்துவேன்" என்றார் கினுகோ.

மிசாவோ அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா சொல்றதுதான் சரி" என்று பென்சிலை எடுத்தார்.

மறுநாள் முதல் மிசாவோ தன் இடது கையை ஏப்ரன் நாடாவால் இடுப்போடு கட்டிக்கொண்டார். இரண்டு வாரம் அப்படியே ஒட்டினார், அறுத்தார், திருகினார். லாரித் தட்டின் விளிம்பிலிருந்து சுவர்களை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திப் பழகினார். ஒரு சுவர் நாலரைக் கிலோதான். பனி உருகியதும் தெருயி தம்பதிக்குச் சொல்லியனுப்பினார்.

முதல் சுவரைக் கினுகோ நிறுத்திவிட்டார். இரண்டாவதைத் தூக்கச் சாய்ந்தபோது இடது கால் மடங்கியது. சுவர் அவர் தோள்மேல் விழ, அதோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி பெரிதில்லை. ஆனால் தெருயியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"போதும்! மடக்கவும் வேணாம், நிமிர்த்தவும் வேணாம். பேசாம ஒரு நிரந்தரப் பெட்டி வச்சுக்கிடுவோம்."

மிசாவோ விழுந்த சுவரை எடுத்து ஓரமாகச் சாத்தினார். "நானும் ஒத்தைக் கையில இருபது தடவை பண்ணிப் பார்த்தேனே அக்கா" என்று முனகினார்.

தரையில் உட்கார்ந்தபடியே கினுகோ சிரித்தார். "கையைத்தான கட்டுனீங்க? காலை விட்டுட்டீங்களே."

அன்று மிசாவோ மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எதையாவது தூக்கவேண்டும் என்றால் காலை ஊன்றியாக வேண்டும். இது ஏன் தனக்கு உறைக்கவில்லை? நிறுத்திய சுவர்களை எல்லாம் பெயர்த்து வெளியே சாத்தினார். யோஹெய் வந்து பார்த்து, "ஏம்மா, எல்லாத்தையும் பிரிச்சுட்டியா?" என்றார்.

"தூக்குறது எல்லாமே தப்பு. இனிமே இறங்கட்டும்."

சுவர்களைக் கூரையின் அடிப்பக்கத்தில் கீலில் மடித்துத் தொங்கவிட்டார். கூரையை மேலே தள்ள, கார் டிக்கிக் கதவைத் தாங்குவது போன்ற நான்கு வாயுத் தண்டுகள். கூரை உயர்ந்துவிட்டால், உள்ளே உட்கார்ந்தபடி தாழை இழுக்க வேண்டியதுதான். சுவர்கள் தாமாக இறங்கித் தட்டின் விளிம்பில் பொருந்திக்கொள்ளும். தண்டுகளால் மூன்று கிலோ ஏறிவிட்டது. அலமாரிக் கதவுகளைக் கழற்றிவிட்டுத் துணி மாட்டினார். மேசைக்கு ஒரு காலைக் குறைத்தார். பெட்டியும் கட்டிலும் தண்ணீரும் கினுகோவின் ஐந்து கிலோ அரிசியும் சேர்ந்து எல்லைக்குள் நின்றன.

ஜூன் மாதம் ஒரு முற்பகல். பீட்ரூட் வயல்களின் மேலாகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. கினுகோ பின்படியில் உட்கார்ந்து, பிட்டத்தை நகர்த்தி நகர்த்தி உள்ளே போனார். வலது கையால் கூரையைத் தள்ளினார். அது பெருமூச்சு விட்டபடி மேலே போயிற்று. ஒரு பக்கச் சுவர் இறங்கியது. அடுத்தது காற்றில் பாதியில் நின்று ஆடியது.

தெருயி பாய்ந்தார். மிசாவோ அவர் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"விழுந்துரப்போறா, விடுங்கம்மா!"

"விழமாட்டாங்க அண்ணே. மூச்சை இழுத்துக்கிட்டு நில்லுங்க."

உள்ளே கினுகோ சுவரை முட்டியால் ஒரு இடி இடித்தார். அது உட்கார்ந்தது. பிறகு முன்சுவர், பின்சுவர், கதவு. உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது. சட்டைக் கையை விடாமல் மிசாவோ நின்றார். ஜன்னல் திறந்தது. கினுகோவின் முகம் வியர்த்து, சிவந்து, விரிந்து கிடந்தது.

"என்ன பார்த்துக்கிட்டே நிக்குறீங்க? பூட்ஸைக் கழட்டிட்டு ஏறுங்க. சேத்தோட வந்தா வெளியதான் படுக்கை."

தெருயி அவசரமாகக் கழற்றினார். ஒரு பூட்ஸ் உருண்டு லாரியின் அடியில் போயிற்று. அதை எடுக்காமலேயே ஏறிப்போனார். உள்ளே இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது.

ஒரு தாழ் மட்டும் சரியாக விழுந்ததா என்று மிசாவோவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. படிவரை போனார். ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தலைமுடியை ஒதுக்கினார். பிறகு, தான் ஒட்டிய அந்தக் கதவை விரல் மடக்கி மெல்லத் தட்டினார்.

"உள்ள வரலாமா, அக்கா?"