குரலை நம்பி அலமாரி தூக்கிய கதை

அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைக்காமல் இருந்திருந்தால், கொழும்பில் இன்னொருவருடைய அலமாரியை மூன்று மாடி தூக்கியிருக்க மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம். நோர்வூட் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஏலத்துக்குப் போகும் தேயிலை விவரத்தை வேறு யாரும் வாசிக்க முடியாதபடி ஈமெயிலில் பூட்டிக் கொழும்புக்கு அனுப்புவோம். பூட்டின் சாவியை மாற்றினால், அதன் அடையாளமான நாற்பது குறிகளையும் போனில் வாசித்து, சாவி உரியவருடையதுதானா என்று இரு பக்கமும் சரிபார்க்க வேண்டும். கொழும்பு ஏலக் கம்பெனியில் அதை வாங்கிப் பார்க்கும் யாழ்ப்பாணத்துச் சிவநாதன் சேருக்கு அதில் பெரிய சலிப்பு.

"உன்ர குரல் எனக்குத் தெரியும் தம்பி. அது காணும், விடு" என்பார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் படுத்தது. புதுச் சாவி போட்டேன். கூடவே சளி, தடிமன் பிடித்து என் தொண்டையும் படுத்தது. மாலைக்குள் பட்டியல் போகாவிட்டால் அந்த வாரம் எங்கள் தேயிலைக்கு ஏலம் இல்லை. "போகலைன்னா நாளையிலேருந்து நீ மலையில கொழுந்து நிறு" என்று தோட்டத்து மேனேஜர் தொரை சொல்லிவிட்டார்.

சேருக்குப் போன் எடுத்தேன். வாயிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

"ஆர் கதைக்கிறது? இது அவன்ர குரல் இல்லை!" சேர் வைத்துவிட்டார்.

எங்கள் ஸ்டோர் செல்வம் யார் குரலிலும் பேசுவான். "நகருங்கண்ணே" என்று போனைப் பிடுங்கித் திரும்ப எடுத்து, அச்சு அசலாக என் குரலில், "சேர், நான்தாங்க" என்றான். சேர் குளிர்ந்துபோனார். சாவியில் ஒரு குறிகூடக் கேட்காமல் பட்டியலை ஏற்றுக்கொண்டார்.

"தம்பி, ஞாயிறு வீடு மாறுறன். உதவிக்கு வருவியோ?"

"கண்டிப்பா வர்றேங்க சேர்!" என்றான் செல்வம், என் குரலிலேயே.

கையைக் காலை ஆட்டிப் பார்த்தேன். கத்தக் குரல் இல்லையே, பாவி!

ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் ஒரு முனையில் நான், மறுமுனையில் சேர். இரண்டாவது மாடியில் ஆத்திரம் தாங்காமல் உண்மையைச் சொன்னேன். அவர் பிடியை விட்டார்.

"அப்ப அவன் எதை அனுப்பியிருந்தாலும் நான் வாங்கியிருப்பனே!"

"சாவி களவு போனா வேற போட்டுக்கலாம் சேர். குரல் களவு போனா வேற தொண்டைக்கு எங்க போறது?" என்றேன், முழு அலமாரியையும் தாங்கிக்கொண்டு.

சாவியைச் சலிப்பில்லாமல் வாசிக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தே வழி கண்டோம். சாவியில் வருவது பதினாறே வகைக் குறிகள். ஒவ்வொன்றுக்கும் ஹட்டன் – பொகவந்தலாவை பஸ் நிற்கும் ஓர் இடத்தின் பெயரை வைத்தோம். சேர் முன்பு ஹட்டனில் படிப்பித்தவர், ரோடு அத்துப்படி. அதன்பின் சாவி வாசிப்பதே கூத்தாகிவிட்டது.

"என்ன பஸ் இது? நோர்வூட்டுக்கு மூண்டு தரம் வந்திட்டுது!" என்று சிரிப்பார். ஆனால் ஒரு குறியையும் விடமாட்டார்.

பிறகொரு நாள் கொழும்பில் சாவியை மாற்றினார்கள். சேர் போன் எடுத்தார்.

"தம்பி, நான்தான். அவசரம், உடனே அனுப்பு."

"முதல்ல பஸ் சொல்லுங்க சேர்."

"என்ர குரல் உனக்குத் தெரியேல்லையோ?"

"நல்லாத் தெரியுதுங்க. செல்வத்துக்கும் தெரியும்."

பெருமூச்சு விட்டார். கடுதாசி புரளும் சத்தம் கேட்டது. "வனராஜா... வனராஜா... டிக்கோயா..."

எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் முதலில் சாவி, பிறகுதான் சுகம் விசாரிப்பு. தொழிலில் நான் கற்றது இதுதான். நாற்பதும் சரியாக வந்த பிறகுதான் கேட்டேன்:

"சொல்லுங்க சேர், நல்லா இருக்கீங்களா?"