ஸ்வெட்டர் போடாத குழந்தை

போன வாரம் என் தம்பி ஒரு நர்ஸிடம் சண்டை போட்டான். எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களில் யாரும் சிரிக்கிற நிலையில் இல்லை.

தம்பி குமரேசன் ஊட்டியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல் குழந்தை. ஏழாம் மாசமே பிறந்துவிட்டாள். மூச்சு விடச் சிரமப்பட்டதால் நேராக ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு போனார்கள். நாலைந்து நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

அதிலிருந்து தம்பிக்கு எல்லோர் மேலும் சந்தேகம். நர்ஸ் சிரித்தால் — எதையோ மறைக்கிறாள். சிரிக்காவிட்டால் — விஷயம் கைமீறிவிட்டது. 'ஸ்டேபிள்' என்கிறார்களே, அது நல்லதா கெட்டதா? என்னிடமே பத்துத் தடவை கேட்டான்.

நான் மட்டும் என்ன, சளைத்தவளா? டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டால் போதும், என் காது தானாக நீளும். அவன் திரும்பி வந்து ஒன்றுமில்லை என்பான். நம்ப மாட்டேன்.

மூன்றாம் நாள் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்க்க விட்டார்கள். பார்த்தவன் கொதித்துவிட்டான். வெளியே மழை, மூடுபனி... நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர் சுற்றியும் நடுங்குகிறோம். உள்ளே பிள்ளை வெறும் நாப்கினோடு படுத்திருக்கிறது! கடையிலிருந்து இவன் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்த ரோஸ் ஸ்வெட்டர் எங்கே?

"ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் விக்கறனுங்க. எம்புள்ளைய இந்தக் குளுர்ல வெறும் ஒடம்போட போட்டிருக்கீங்க. நீங்க பாத்துக்கற லட்சணம் இதுதானுங்களா சிஸ்டர்?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. அவனைக் கை கழுவச் சொல்லி, கவுன் மாட்டி, உள்ளே அழைத்துப் போனாள். குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விடச் சொன்னாள். திரும்பி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. "உள்ள கதகதன்னு இருக்குதுக்கா," என்றான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழுதான்.

சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். குழந்தையின் அம்மா சுதாவும் வீல் சேரில் வந்திருந்தாள். தம்பி மெதுவாக எழுந்தான்.

"சோலூருக்கு ஒரு கல்யாணத்துக்கு இவளை பைக்ல கூட்டீட்டுப் போனனுங்க டாக்டர். ரோடு பூரா குழி. அதனாலதானுங்களா இப்படி ஆச்சு?"

அதுவரை இதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டர் பதில் சொல்வதற்குள் சுதா முந்திக்கொண்டாள்.

"அதில்லீங்க. நாந்தான் பப்பாளி தின்னுட்டேன்."

இரண்டுமே காரணமில்லை, சில குழந்தைகள் இப்படி அவசரப்பட்டு வந்துவிடும், ஏனென்று பல நேரம் எங்களுக்கே தெரியாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இருவரும் தலையாட்டினார்கள். நம்பினார்களா என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் கண்ணில் பட்டவரையெல்லாம் சந்தேகப்படுகிற பெற்றோர் உள்ளுக்குள் முதலில் யாரைக் கூண்டில் ஏற்றுகிறார்கள்? எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

நேற்று ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். குழந்தையைச் சுதாவின் நெஞ்சோடு சாய்த்து வைக்கிறார்கள். இனிப் பயமில்லை என்கிறார் டாக்டர். அப்பாடா!

அந்தப் பப்பாளி விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. நல்ல பழமாகப் பார்த்து வாங்கி, அறுத்து, ஒன்றும் ஆகாது சாப்பிடு என்று சுதா கையில் கொடுத்தது... நான்தான்! அவள் இன்றுவரை யாரிடமும் என் பேரை எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதுதான் இப்போது என் சந்தேகம்.