ஈயம் அண்ணியும் இருபத்துநாலு சேனல் பெட்டியும்

ஸ்டுடியோவில் என் அண்ணிக்கு ‘ஈயம்’ என்று பெயர். பற்றவைக்கிற ஈயத்தின் புகை வாசம் அவள் தலைமுடியிலிருந்து கைப்பை வரைக்கும் ஊறிக் கிடப்பதால் டிரம்ஸ் வாசிக்கிறவர் வைத்தது. அண்ணி ஒரு தடவை அவர் வாசிப்பைப் பற்றி அபிப்பிராயம் சொன்ன பிறகு, “காதுல காய்ச்சி ஊத்தற ஈயம்” என்று விளக்கத்தை மாற்றிக்கொண்டார். அண்ணிக்கு இரண்டிலும் ஆட்சேபணை இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற மிஷின் குடித்த தண்ணீரைக் கக்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் அறிந்த ஒரே ரிப்பேர் கண்ணாடிக் காலின் திருகாணி. புது மருமகள் வந்த வாரமே மிஷினைக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். என் அம்மா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “மருமக வந்தா குடும்பத்தைப் பிரிப்பான்னு சொன்னாங்க. இவ மிஷினைத்தான் பிரிக்கிறா, தேவலை” என்று உள்ளே போய்விட்டாள். மாலைக்குள் மிஷின் ஓடியது. மீந்துபோன இரண்டு திருகாணிகளை அண்ணன் கடைக்கு எடுத்துப் போனார்.

அதற்கு முன்னால் அவள் ரேடியோ போர்டு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். அதை மூடியதும் வீட்டிலேயே ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்று வாங்கிப் பழுதுபார்க்க ஆரம்பித்தாள். பழுதாக இருக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. பல் டாக்டரிடம் போனால், தன் வாயைத் திறப்பதற்கு முன் அவருடைய மினுக்கும் விளக்கின் பிளக்கைத் திறப்பாள். உறவுக்காரர்கள் அவளை விருந்துக்குக் கூப்பிடுவதற்கு அவள்மேல் உள்ள பாசம் மட்டும் காரணமில்லை.

நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் குரலையும் வாத்தியங்களையும் கலக்கிற ஒரு பழைய மிக்ஸிங் கன்சோல் இருந்தது. இருபத்துநாலு சேனல், ஓரங்களில் தேக்குக் கட்டை, எட்டுப் பேர் சேர்ந்தால்தான் அசையும். இழுத்து மூடிய ஏதோ ஒரு வானொலி நிலையத்திலிருந்து முதலாளி வாங்கியது. நாங்கள் அதைப் பெட்டி என்போம். நான் அதன் முன்னால் உட்காருகிற என்ஜினியர். என்ஜினியர் என்பது முதலாளி எனக்குச் சம்பள உயர்வுக்குப் பதிலாகக் கொடுத்த பட்டம். பெட்டிக்கு வயதான காலத்தில் வருகிற எல்லாம் வந்திருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற எந்த ஃபேடரை ஏற்றினாலும் கரகரப்பு, ஏற்றாவிட்டாலும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். பக்கத்து அறையில் யாரோ சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுவதுபோல எல்லாப் பாட்டிலும் அது கேட்கும்.

“எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடலாம்” என்றார் முதலாளி. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணி பெட்டியின் பின்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தாள். பெண் பார்க்க வந்த அண்ணனைக்கூட அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

“சார், ஒரு சான்ஸ் குடுங்க” என்றாள்.

முதலாளி யோசித்தார். அவர் மனைவி, அதாவது முதலாளியம்மா, வருஷத்துக்கு ஓர் ஆல்பம் பாடுவார். கட்டடம் அந்த அம்மாவின் அப்பா கொடுத்தது. ஆகையால் முதலாளி ஸ்டுடியோவில் முதலாளி, வீட்டில் தொழிலாளி. “சரி. அடுத்த பாட்டு இதுல சுத்தமா வந்தா பெட்டி இங்க இருக்கட்டும். இல்லேன்னா காயலாங்கடை” என்றார்.

அத்தனை வருஷமும் அடுத்தவர்களின் சில்லறைச் சாமான்களையே நோண்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக முழுசாக ஒரு பெரிய வேலை. அது காயலாங்கடைக்குப் போகக்கூடாது என்பது அவளுக்கு உயிராகிவிட்டது.

சேனல்களை ஒவ்வொன்றாக உருவி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மேஜை பெட்டிக்கு, தரை எங்களுக்கு. வயிறு உப்பிப்போன பழைய கெப்பாசிட்டர்களையெல்லாம் பிடுங்கிப் புதுசு வைத்தாள். ஃபேடர்களை ஸ்பிரிட்டில் குளிப்பாட்டினாள். பழைய ஐசிகளை எடுத்துவிட்டு வேகமான புது ஐசி போட்டதும் முதல் சேனல் ஊளையிட்டது. “வேகம் ஜாஸ்தி. கடிவாளம் போடணும்” என்று துளியூண்டு கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே பற்றவைத்தாள். ஊளை நின்றது. பவர் சப்ளையைத் தூக்கிச் சாமான் அறைக்கு மாற்றி, கண்டபடி ஓடிய எர்த் வயர்களையெல்லாம் ஒரே செப்புப் பட்டையில் கொண்டுவந்து முடிந்தாள். கடைசிச் சேனலையும் செருகி, எல்லா ஃபேடரையும் உச்சத்துக்கு ஏற்றினேன். முனகல் இல்லை. பெட்டியில் கரண்ட் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மிச்சம் இருந்தது டாக்பேக். பாடுகிறவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பார். இந்தப்பக்கம் நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. பெட்டியில் உள்ள சிவப்புப் பட்டனை அமுக்கினால் மட்டும் எங்கள் குரல் அவர் காதுக்குப் போகும். பழைய பட்டன் அமுக்கும்போதெல்லாம் காதில் ‘டப்’ என்று அறைந்தது. அதற்காக அண்ணி கரண்ட்டால் திறந்து மூடுகிற குட்டி சுவிட்ச் ஒன்று, ரிலே என்பார்கள், போட்டாள். ரிலேயின் கால்கள் எது எது என்று காட்டும் படத்தை, அடியிலிருந்து பார்ப்பதுபோல வரைந்திருந்தார்கள். அண்ணி அதை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துவிட்டாள். வலது இடதாகிவிட்டது. விளைவு, எல்லாம் தலைகீழ். பட்டனை அமுக்கினால் பாடுகிறவருக்கு எதுவும் கேட்காது. கையை எடுத்தால் எல்லாம் கேட்கும்.

சோதித்துப் பார்க்காமலா விட்டாள்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய் நின்று, “தம்பி, நீ பேசாதே, அமுக்கு மட்டும். ‘டப்’ வருதான்னு பாக்கணும்” என்றாள். நான் பேசாமல் அமுக்கினேன். “சத்தமே இல்லப்பா!” என்று பூரித்துப் போனாள். எப்படி இருக்கும்?

முதலாளியம்மா பாட வந்தார். பல்லவியில் ஓர் உச்ச சுரம். அவர் அதைத் தொட்டதும் முதலாளி, டிரம்ஸ்காரர், நான் மூவரும் பல்லைக் கடித்தோம். நான் பட்டனை அமுக்கி, “பிரமாதம் மேடம்! பாதுகாப்புக்கு இன்னொரு டேக் எடுத்துக்கலாம்” என்றேன். கையை எடுத்துவிட்டு, “மேல போறப்ப பஸ் பிரேக் பிடிக்குது” என்றேன்.

“ரெண்டு கட்டை இறக்கினா நல்லாவே பாடுவாங்க” என்றார் டிரம்ஸ்காரர். “பூனைக்கு யார் மணி கட்டறது?”

“மணியெல்லாம் வேணாம்யா” என்றார் முதலாளி. “அவ பாடற நேரத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்.” பிறகு பட்டனை அமுக்கி, “நெஞ்சை உருக்கிட்டம்மா” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முதலாளியம்மா கல்லாக நின்றார். கலைஞருக்குரிய ஈடுபாடு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் வந்ததும், “ரெண்டு கட்டை இறக்கிப் பாடறேன்” என்றார். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டார். ஸ்டுடியோ டீ கழுநீர் மாதிரி இருக்கிறது என்று அவர் அலுத்துக்கொண்டதற்கு அடுத்த தடவை, முதலாளியம்மா வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் வந்தது. மனைவி எடுத்துக் கொடுத்த சட்டை ஜன்னல் திரை மாதிரி இருப்பதாக முதலாளி எங்களிடம் புலம்பியிருந்தார். ஒருநாள் முதலாளியம்மா போகிற போக்கில், “அந்தச் சட்டையைக் கழட்டி ஜன்னல்லயே மாட்டிடுங்க” என்றார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. “என் பொண்டாட்டிக்கு ஞானதிருஷ்டி வந்துடுச்சுய்யா” என்று பயந்தார். உண்மை முதலாளியம்மா காதுக்குப் போகிறது, முகஸ்துதி போகவில்லை என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆனால் பாட்டு தேறிக்கொண்டே வந்தது. அதுவும் உண்மை.

ஹெட்போனின் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று டீ வேளையில் அண்ணி உள்ளே போனாள். வயரைச் சரிசெய்து, காதில் மாட்டிப் பார்த்தாள். இந்தப்பக்கம் முதலாளி என் தோளில் கைபோட்டு, “புதுப் பெட்டிக்கு எப்பவோ ஆர்டர் போட்டாச்சு. இந்தப் பாட்டு முடியட்டும், இதை எடைக்குப் போட்டுடலாம். உங்க அண்ணிகிட்ட இப்பச் சொல்லாதே, வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிடும்” என்றார். நான், “சரி சார்” என்றேன். எங்கள் குடும்பத்தில் பரம்பரையாகச் ‘சரி சார்’தான் சொத்து.

யார் விரலும் பட்டனில் இல்லை. அண்ணிக்கு எல்லாம் கேட்டது, என் ‘சரி சார்’ உட்பட. நிமிர்ந்து பார்த்தால் கதவருகே முதலாளியம்மா நிற்கிறார்.

“உனக்கும் கேட்டுடுச்சா?” என்றார். அண்ணி கேட்டதையெல்லாம் அப்படியே சொன்னாள்.

பாட்டு மைக்கின் ஃபேடரை அப்போது நான் இறக்கி வைத்திருந்ததால் இதெல்லாம் எங்களுக்குக் கேட்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அண்ணி சொல்லித்தான் தெரியும்.

“நான் சொன்னது எல்லாமேவா, அண்ணி?”

“எல்லாமே. ‘பஸ் பிரேக்’ உன்னை விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாங்க.”

முதலாளியம்மா அவளிடம் ஒரே ஒரு வரம் கேட்டிருந்தார். இதைச் சரிசெய்யக்கூடாது. “சரி பண்ணினா மறுபடியும் எல்லாரும் என் காதுல பூ சுத்துவாங்க. நீ இதை இப்படியே விடு, பெட்டி எங்கயும் போகாம நான் பாத்துக்கறேன்.”

அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெட்டி பிழைக்க வேண்டுமானால் தன் கையால் செய்த தப்பை அதற்குள் விட்டு வைக்க வேண்டும். திருத்தினால் காயலாங்கடை.

“விட்டுடேன், யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் அண்ணன்.

“எனக்குத் தெரியுமே.”

“தப்பாவே இருந்துட்டுப் போகட்டும், பெட்டி இருக்குமில்ல?”

“அப்படி இருந்தா அது நான் பண்ணின பெட்டியா?” என்றாள். அண்ணி அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை, எனக்குச் சங்கடமாக இருந்தது. என் அம்மா மட்டும், “மிஷினைப் பிரிச்சப்பவே நினைச்சேன், இவளுக்குப் பாதி வேலையில தூக்கம் வராதுன்னு” என்று தட்டை மூடி வைத்தாள்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், ரிலேயைக் கழற்றிக் கால்களைச் சரியாகப் போட்டாள். பட்டனை அமுக்கினால் கேட்டது, எடுத்தால் கேட்கவில்லை. அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு குட்டி சுவிட்சை எடுத்தாள். பாடகர் அறைக்கு வயரை இழுத்துக்கொண்டு போய், பாட்டுத்தாள் வைக்கிற ஸ்டாண்டின் அடியில் பொருத்தினாள்.

“மேடம் இதைப் போட்டா நீங்க பேசறது பட்டன் இல்லாமயே கேக்கும். அணைச்சா எப்பவும்போல. கேக்கறதா வேணாமான்னு அவங்க இஷ்டம்” என்றாள். “நீ இனிமே யோசிச்சுப் பேசு.”

அன்றைக்கு நான் பேசவே இல்லை. முதலாளியம்மா வந்தார், ஸ்டாண்டின் அடியில் கையைவிட்டுத் தடவினார், அண்ணியைப் பார்த்துத் தலையாட்டினார். பாடினார். பெரிய பாடகி என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இறக்கிப் பாடியபோது அந்தக் குரலில் ஒரு மனுஷி இருந்தாள். பெட்டி அதை ஒரு தூசியில்லாமல் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. டிரம்ஸ்காரர்கூட டீயை உறிஞ்சாமல் வைத்திருந்தார்.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரில் முதலாளியம்மா குரல் வந்தது. “பெட்டி சுத்தமா இருக்கு. இது இங்கேயே இருக்கட்டும். புதுசுக்குப் போட்ட ஆர்டரை ரத்து பண்ணிடுங்க.”

முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து என் பக்கம் திரும்பினார். “இவளுக்கு எவன்யா சொன்னது?”

“நீங்கதான்” என்றது ஸ்பீக்கர்.

முதலாளி பட்டனைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. இத்தனை நாள் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனது. கடைசியில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணியைக் கண்டுபிடித்தார்.

“ஏம்மா, இது என்ன கோளாறு?”

“கோளாறுதான் சார், நேத்து வரைக்கும். இப்ப சுவிட்ச் வெச்சுட்டேன். சுவிட்ச் வெச்சா அது வசதி.”

அவர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், “நல்லாத்தான் பாடினா. நான்தான் ஒரு நாளும் ஒழுங்காக் கேக்கல” என்றார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முதலாளியம்மா கையை ஸ்டாண்டின் அடியிலிருந்து எடுத்தார். காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். சுவிட்சை அணைத்திருந்தார். எப்போது அணைத்தார் என்று இன்றுவரை அவரும் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை.

முதலாளி எங்களைப் பார்த்தார். நாங்கள் மேல்கூரையைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவப்புப் பட்டனை அமுக்கி, அதையே மறுபடியும் சொன்னார்.